பிறருக்காக இடும் கையெழுத்து

1

வங்கியில் என் வேலையில் பெரும்பகுதி கையெழுத்துப் பார்ப்பது. காசோலையில் இருக்கும் கையெழுத்தும் கணக்குத் தொடங்கிய அன்று போட்ட மாதிரிக் கையெழுத்தும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முன்பு அட்டையில் பார்த்தார்கள், இப்போது திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறோம். பன்னிரண்டு வருஷங்களாகச் செய்துவருகிறேன். மனிதன் எழுதுகிறவற்றிலேயே மிகக் குறைந்த அர்த்தமும் மிக அதிக விளைவும் உடைய எழுத்து அதுதான் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. படிக்கவே முடியாத ஒரு கிறுக்கல். அதில் வீடு போய்விடும்.

கையெழுத்துகளில் ஒரு வகை மட்டும் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிபடவில்லை. மைனர் கணக்கில் பணம் பிள்ளையுடையது, கையெழுத்து அப்பாவுடையது. ஒருவர் இன்னொருவராக இருந்து கையெழுத்திடுகிறார். சட்டம் இதை அனுமதிக்கிறது, ஆனால் சந்தேகத்துடன்தான் அனுமதிக்கிறது. 1956ஆம் வருஷத்து இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, பிள்ளையின் பெயரில் உள்ள நிலத்தைப் பெற்ற தகப்பனே ஆனாலும் நீதிமன்றத்தின் முன்அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. தன் வாக்குறுதியால் பிள்ளையைச் சொந்தப் பொறுப்பில் கட்டவும் முடியாது. அப்பா பிள்ளைக்கு நல்லதையே செய்வார் என்று நம்புகிற அதே சட்டம், செய்யாமலும் போகலாம் என்று ஒரு மூலையில் எழுதிவைத்திருக்கிறது. இதைப் படித்தபோது சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவருக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நிலத்துக்கு இவ்வளவு ஜாக்கிரதை இருக்கிறது. உடம்புக்கு?

இந்தக் கேள்வி தானாக எனக்கு வந்ததில்லை. போன வருஷம் ஒரு சனிக்கிழமை இரவு, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் என் பெரியப்பா மகன் போன் செய்தார். அங்கே காலை. ஒரு பண்ணைக்குப் பொழுதுபோக்கப் போயிருக்கிறார்கள். அங்கே நான்கு சக்கர மோட்டார் வண்டிகளை வாடகைக்கு விடுகிறார்கள். சேறு, மேடு, காடு எல்லாவற்றிலும் ஓடுகிற வண்டி. ஒன்பது வயதுப் பையன் அதில் ஏறியே தீருவேன் என்று நிற்கிறான். ஏறுவதற்கு முன் அப்பா ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீதான் கையெழுத்து ஆளாச்சே. நாலு பக்கம் இருக்குடா, எவன் படிப்பான்? போட்டுடலாமா?" என்றார்.

"எல்லாரும் போடறதுதானேண்ணா, போடுங்க" என்றேன்.

அரை மணி கழித்து ஒரு வீடியோ வந்தது. தலையைவிடப் பெரிய ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பையன் "சித்தப்பா, பாருங்க!" என்று கத்துகிறான். வண்டி ஒரு மேட்டில் ஏறி மறைகிறது, திரும்பி வருகிறது. ஒன்றும் நடக்கவில்லை. நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

ஒன்றும் நடக்காததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஏதாவது நடந்திருந்தால் நான் குற்றவுணர்வைப் பற்றி எழுதியிருப்பேன். அல்லது எழுதவே முடியாமல் போயிருப்பேன். நடக்காததால் யோசிக்க முடிகிறது.

2

முதலில் வண்டி. தர்க்கத்துக்குப் போகுமுன் பொருளைப் பார்த்துவிடுவது நல்லது. நம் கட்டுரைகளில் பல, பொருளைப் பார்க்காமலே தர்க்கத்துக்குப் போய்விடுகின்றன.

ஏ.டி.வி. என்று அங்கே அழைக்கப்படும் இந்த வண்டியை 1970இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிறது, பனியிலும் விற்கக்கூடிய ஒன்று வேண்டும் என்று அமெரிக்க விற்பனைப் பிரிவு கேட்டதன் விளைவு அது. மூன்று சக்கரம், குறைந்த காற்றழுத்தத்தில் பலூன்போல் உப்பிய டயர்கள். 1971இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' ஒன்றில் ஷான் கானரி அதை ஓட்டிக்கொண்டு போகிறார். விளையாட்டுச் சாமானாக வந்த வண்டி, சில வருஷங்களில் பண்ணைக்காரனுக்கும் வேட்டைக்காரனுக்கும் உழைக்கிற சாமானாயிற்று. 1980களின் தொடக்கத்தில் சுஸுகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது.

நான்கு சக்கரம் இருப்பதால் கீழே விழாது என்று பார்ப்பவனுக்குத் தோன்றும். ஆபத்தே இந்தத் தோற்றத்தில்தான் இருக்கிறது. சைக்கிள் தன் ஆபத்தை மறைப்பதில்லை. நிற்க வைத்தாலே சாய்ந்துவிடும். இந்த வண்டி அசையாமல் நிற்கிறது. ஆனால் தரையிலிருந்து உயரம் அதிகம், அகலம் குறைவு. பல வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் போக வேண்டியிருக்கிறது. கார் இந்த வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் கொண்டு சமாளிக்கிறது. இந்த வண்டி ஓட்டுபவனின் உடம்பைக் கொண்டு சமாளிக்கிறது. அவன் சரியான நேரத்தில் சரியான பக்கம் சாய்ந்து, எடையை மாற்ற வேண்டும். ஏற்றத்தில் முன்னால் நகர வேண்டும், இறக்கத்தில் பின்னால். இருக்கை நீளமாக இருப்பது அதற்காக. அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் உட்காரலாம் என்று நினைப்பவர்கள் அநேகம். பின்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் ஓட்டுபவன் நகர இடமில்லை.

ஆக, ஓட்டுபவனின் எடை இயந்திரத்தின் ஓர் உறுப்பு. பெரியவர்களுக்கான வண்டிகளில் 300 கிலோவைத் தாண்டுபவை உண்டு. அதன்மேல் 30 கிலோப் பையன் உட்காரும்போது, ஒரு முக்கியமான உறுப்பு இல்லாத இயந்திரம் ஓடுகிறது. அது புரண்டால் தடுக்கக் கூரையோ சட்டமோ பெரும்பாலும் கிடையாது, மேலேயே விழுகிறது.

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் கணக்கின்படி 1982இலிருந்து 2016வரை இந்த வண்டிகளில் இறந்தவர்கள் 14,000க்கு மேல். அவர்களில் 3,000க்கு மேற்பட்டவர்கள் 16 வயது நிரம்பாதவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

அரசு பேசாமல் இருந்துவிடவில்லை. 1987 டிசம்பரில் வழக்குப் போட்டது; 1988இல் ஹோண்டா, யமஹா, சுஸுகி, கவாஸாகி, போலாரிஸ் ஆகிய ஐந்து நிறுவனங்களும் நீதிமன்றத்தில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தன. புதிய மூன்று சக்கர வண்டிகளை இனி விற்பதில்லை, வாங்குபவர்களுக்கு இலவசப் பயிற்சி, 90 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளை 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு என்று விற்பதில்லை. வண்டியில் எச்சரிக்கைச் சீட்டு. ஏற்கெனவே விற்ற மூன்று சக்கர வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் நிபந்தனை அதில் இல்லை. பத்து வருஷத்துக்கான உடன்படிக்கை, 1998இல் முடிந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், 16 வயதுக்குட்பட்ட எவரும் இவற்றை ஓட்டவே கூடாது என்று பல வருஷங்களாகச் சொல்லிவருகிறது.

அந்த எச்சரிக்கைச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எச்சரிக்கை என்பது அறிவிப்பது மாத்திரமல்ல, பொறுப்பைக் கை மாற்றுவதும்கூட. ஒட்டாத வரையில் ஆபத்து செய்தவனுடையது. ஒட்டிய பிறகு படிக்காதவனுடையது. படிவம் இதையே இன்னும் நேர்த்தியாகச் செய்கிறது. சீட்டைப் படித்தேன் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. படிவத்தில் படித்தேன் என்று கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

3

இந்த மாதிரி ஒரு படிவம் நீதிமன்றம் போன கதை ஒன்று உண்டு. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை.

2003 மே மாதம், ஃப்ளோரிடாவில் ஒரு தனியார் மோட்டார் ஓட்டப் பூங்கா. ஒரு தகப்பன் தன் 14 வயது மகனை அழைத்துப் போகிறார். மகனுக்காகப் படிவத்தில் கையெழுத்திடுகிறார்: என்ன நடந்தாலும் பூங்கா உரிமையாளர்களின் மீது உரிமை கொண்டாடுவதில்லை என்று. பையன் ஒரு மேட்டிலிருந்து வண்டியோடு தாவ முயல்கிறான். பிடி நழுவித் தூக்கி எறியப்படுகிறான். வண்டி அவன்மேல் விழுகிறது. எழுந்து சில அடிகள் நடந்தவன் சரிந்து விழுந்து இறந்துபோனான்.

இறந்த பிள்ளையின் சார்பில் வழக்கு வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்றார்கள் பூங்காக்காரர்கள். 2008 டிசம்பரில் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வியாபார நோக்கில் நடத்தப்படும் ஒரு செயலில், பிள்ளைக்கு எதிராக அந்தக் கையெழுத்து செல்லாது.

தீர்ப்பைவிட, தீர்ப்புக்குப் போன வழி எனக்கு முக்கியமாகப்பட்டது. பெற்றோரின் இரண்டு முடிவுகளை நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. என் பிள்ளை இதைச் செய்யலாம் என்பது ஒரு முடிவு. இதில் என் பிள்ளைக்குக் கேடு வந்தால் யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்பது வேறொரு முடிவு. முதலாவது வளர்ப்பைச் சேர்ந்தது. அதில் அரசு எளிதில் தலையிடக் கூடாது. இரண்டாவது வளர்ப்பே அல்ல. பிள்ளைக்குச் சொந்தமான ஒன்றை, பிள்ளையைக் கேட்காமல், பிள்ளைக்கு எந்தப் பிரதியும் இல்லாமல் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது அது. உரிமையாளன் முன்ஜாக்கிரதை எடுக்கலாம், காப்பீடு வாங்கலாம். பிள்ளைக்கு இரண்டும் முடியாது. விபத்து நடந்தபிறகு பிள்ளைக்கு வரும் பெரிய இழப்பீட்டுத் தொகையைக்கூட நீதிமன்ற அனுமதியின்றிப் பெற்றோர் பேசி முடித்துவிட முடியாது என்று அங்கே சட்டம் இருக்கும்போது, விபத்துக்கு முன்பாகவே மொத்தத்தையும் விட்டுக்கொடுக்க எப்படி முடியும்?

நான் கவுண்ட்டரில் உட்கார்ந்து பார்த்த 1956ஆம் வருஷத்துச் சட்டத்தின் நியாயம்தான் இது. நிலத்துக்கு இருந்த ஜாக்கிரதை உடம்புக்கும் ஒரு நாள் கிடைத்திருக்கிறது.

கிடைத்தது நிலைக்கவில்லை. ஒரு நீதிபதி அந்தத் தீர்ப்போடு மாறுபட்டு, இது சட்டமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றிருந்தார். 2010இல் சட்டமன்றம் முடிவு செய்தது. அந்தச் செயலுக்கு இயல்பாகவே உரிய ஆபத்துகளைப் பொறுத்தவரை பெற்றோர் பிள்ளைக்காக உரிமையை விட்டுக்கொடுக்கலாம். அதற்குப் படிவத்தில் ஒரு குறிப்பிட்ட வாசகம் இருக்க வேண்டும். அந்த வாசகம் படிவத்தின் மற்ற எழுத்துகளைவிடக் குறைந்தது 5 புள்ளி பெரிய எழுத்தில் அச்சாகியிருக்க வேண்டும்.

சிறுபத்திரிகை நடத்துகிற நமக்குப் புள்ளிக் கணக்கு தெரியும். 10 புள்ளிக்கும் 15 புள்ளிக்கும் நடுவே ஒரு குழந்தையின் உரிமை இருக்கிறது என்று அதற்குமுன் நான் நினைத்ததில்லை.

4

பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு மில் பாடமாக இருந்தார். 1859இல் வெளிவந்த 'சுதந்திரம் பற்றி'யில் அவர் சொல்வது: பிறருக்குத் தீங்கில்லாத வரையில் ஒருவன் தன்னை என்ன செய்துகொண்டாலும் சமூகம் வற்புறுத்தித் தடுக்கலாகாது. உடனே அவர் குழந்தைகளை விலக்கிவிடுகிறார். இந்தக் கோட்பாடு அறிவு முதிர்ந்தவர்களுக்கானது, பிள்ளைகளுக்கல்ல. பரீட்சைக்கு இவ்வளவு போதும். புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் அவர் மறுபடியும் பிள்ளைகளிடம் வருகிறார் என்பதை நான் பின்னால்தான் கவனித்தேன். பிள்ளைகளைத் தகப்பனின் ஒரு பகுதி என்றே ஜனங்கள் நினைக்கிறார்கள். அதனால் பிள்ளைமேல் அவனுக்குள்ள அதிகாரத்தையும் அவனுடைய சுதந்திரம் என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள் என்கிறார்.

இந்த வண்டி விவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் வார்த்தை சுதந்திரம். யாருடைய சுதந்திரம் என்று யாரும் கேட்பதில்லை. பையனுக்கு ஆசை இருக்கிறது; ஆசை சம்மதம் ஆகாது. சம்மதம் என்பது எதை இழக்கக்கூடும் என்று தெரிந்து சொல்லும் சரி. ஒன்பது வயதில் சாவு என்பது ஒரு வார்த்தை. அப்பாவுக்குத் தெரியும், அவர் சம்மதிக்கிறார்; ஆனால் இழக்கப்போகிற உடம்பு அவருடையதல்ல. சம்மதிக்கத் தெரிந்தவன் வண்டியில் இல்லை, வண்டியில் இருப்பவனுக்குச் சம்மதிக்கத் தெரியாது. இந்த இடைவெளியை மூட ஒரு கையெழுத்தை வைத்திருக்கிறோம்.

இதை இந்தப் பத்திரிகையில் அடிக்கடி எழுதும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. "நீங்க கிணத்துல குதிச்சதில்லையா? பனை ஏறி விழாத பிள்ளை எங்க ஊர்ல உண்டா? ஆபத்தே படாம வளர்ந்தவன் கவிதை எழுத மாட்டான், கணக்குத்தான் எழுதுவான்" என்றார். கடைசி வாக்கியம் என் உத்தியோகத்தைக் குறித்தது.

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிள்ளையை எல்லா ஆபத்திலிருந்தும் காப்பாற்றுவது, பிள்ளையை வாழ்க்கையிலிருந்தே காப்பாற்றுவதாக முடியும். ஆனால் மரமும் மோட்டாரும் ஒரே வகை ஆபத்து அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. மரத்தில் பிள்ளை எட்டுகிற உயரம் அவன் கையும் காலும் சம்பாதித்த உயரம். ஒவ்வொரு கிளையும் அவனை ஒரு கேள்வி கேட்கிறது. பதில் தெரியாத இடத்தில் பெரும்பாலும் பயம் வந்து நிறுத்திவிடுகிறது. அவனுடைய பலமும் அவனுடைய பயமும் சேர்ந்தே வளர்கின்றன. விசையை அழுத்துகிற கட்டைவிரலில் பலமும் இல்லை, பயமும் இல்லை. பெரியவனுக்கு எவ்வளவு வேகம் கிடைக்குமோ அவ்வளவும் எட்டு வயதுக் கட்டைவிரலுக்கும் கிடைத்துவிடுகிறது. தான் சம்பாதிக்காத ஒரு சக்தியை ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, அதனால் அவனுக்குத் தைரியம் வளர்கிறது என்று சொல்ல முடியாது. கிணற்றில் விழுந்து செத்த பிள்ளைகளும் உண்டு என்பதையும் நண்பர் மறந்துவிட்டார். உயிரோடு வந்தவர்கள்தான் கிணற்றின் நினைவுகளை எழுதுகிறார்கள்.

நண்பரின் கட்சிக்கு இன்னும் வலுவான ஒரு சாட்சி உண்டு. அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். அமெரிக்கப் பண்ணைகளில் பிள்ளைகள் இந்த வண்டியில் விளையாடுவது மாத்திரமல்ல, வேலையும் செய்கிறார்கள். வேலி பார்க்க, மாடு திருப்ப, மருந்து எடுத்துப்போக. 2011இல் அங்கே தொழிலாளர் துறை பண்ணைவேலை செய்யும் சிறுவர்களுக்கான பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்க உத்தேசித்தது. பெற்றோரின் சொந்தப் பண்ணையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் எப்போதுமே விலக்கு உண்டு. ஆனாலும் குடும்பத் தொழிலில் அரசு கை வைக்கிறது என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2012 ஏப்ரலில் துறை விதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எதிர்த்தவர்களை மூடர்கள் என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல மாட்டேன். வேலையைக் கைமாற்றிக் கொடுப்பதுதான் அவர்களுக்குப் பிள்ளையைக் கைமாற்றி வளர்ப்பது. அந்தத் தகப்பனுக்கும் வாடகைக் கவுண்ட்டரில் நிற்கும் என் அண்ணனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: அவன் தன் பிள்ளையின் கூடவே வயலில் இருக்கிறான், யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் வண்டிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நல்ல நோக்கம் எடையைக் கூட்டுவதில்லை.

5

சட்டத்தை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவும் முடியவில்லை. 2008இல் அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்புக்காக ஒரு பெரிய சட்டம் வந்தது. விளையாட்டுச் சாமான்களில் ஈயம் இருந்து பிள்ளைகளுக்கு விஷமேறுகிறது என்ற நியாயமான பயத்தில், பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கான எல்லாப் பொருள்களிலும் ஈயத்துக்கு உச்சவரம்பு விதித்தது. 2009 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தபோது, பிள்ளைகளுக்கென்றே செய்த சின்ன ஏ.டி.வி.க்கள் கடைகளிலிருந்து மறைந்தன. அவற்றின் பாட்டரி முனையிலும் சில உலோகக் கலவைகளிலும் வரம்புக்கு மேல் ஈயம் இருந்தது. பெரிய வண்டிகள் பெரியவர்களுக்கானவை, அவற்றுக்குத் தடையில்லை. அதாவது, பிள்ளையைக் காக்க வந்த சட்டம் பிள்ளைக்கேற்ற வண்டியை எடுத்துவிட்டு, அவனைக் கொல்லக்கூடிய வண்டியை மட்டும் கொட்டகையில் விட்டுவைத்தது. பிள்ளைகள் பெரிய வண்டிகளில் ஏறிவிடுவார்கள் என்று ஆணையமே உணர்ந்து அந்த வருஷமே அமலாக்கத்தை நிறுத்திவைத்தது; 2011இல் சட்டமே திருத்தப்பட்டது.

இதை அரசாங்க முட்டாள்தனம் என்று சிரித்துவிடலாம். எனக்கு இது ஒரு பார்வைக் கோளாறு என்று படுகிறது. 'குழந்தை' என்று ஒரு பொதுப்பொருளைப் பார்த்தார்கள். ஒரு குழந்தையைப் பார்க்கவில்லை. மாஸசூஸெட்ஸில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2006இல் எட்டு வயதுப் பையன் ஒருவன் இந்த வண்டியில் இறந்தான். அவன் பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2010இல் அந்தப் பையனின் பெயராலேயே வழங்கும் சட்டம் ஒன்று வந்தது. 14 வயதுக்குட்பட்டவர்கள் பொதுவாக இவற்றை ஓட்டக் கூடாது என்று. சில வருஷங்களில் 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளில் இந்த வண்டிகளால் காயம்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தார்கள் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

3,000 சாவுகள் செய்யாததை ஒரு பெயர் செய்தது. இலக்கியக்காரர்களான நமக்கு இது சந்தோஷம் தரலாம். தனித்த ஒன்றின் பக்கம்தானே நாம் எப்போதும் நிற்கிறோம். எனக்குச் சந்தோஷமாக இல்லை. பெயர் தெரிய ஒரு பிள்ளை செத்தாக வேண்டியிருந்தது.

நம் தரப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1909இல் மாரினெட்டி எதிர்காலவாதத்தின் அறிக்கையை வெளியிட்டபோது, தன் கார் பள்ளத்தில் கவிழ்ந்ததையும் சேற்றிலிருந்து தான் எழுந்து வந்ததையும் வைத்துத்தான் ஆரம்பித்தார். வேகம் உலகத்துக்கு ஒரு புதிய அழகைச் சேர்த்துவிட்டது என்றார். நவீனத்துவத்தின் பிறப்புச் சான்றிதழ்களில் ஒன்று அது. நம்மில் பலர் அதன் தூரத்து வாரிசுகள். ஆனால் அவருக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது. காரும் அவருடையது, உடம்பும் அவருடையது. தன் உடம்பைப் பணயம் வைத்த ஒருவரின் உற்சாகத்தை, பிறர் உடம்பைப் பணயம் வைக்கும்போதும் நாம் அப்படியே எடுத்தாளுகிறோம். ஆபத்தைக் கொண்டாடும் கவிதைக்கு ஒரே நிபந்தனைதான் நான் விதிப்பேன்: விழப்போகிறவன் எழுதியதாக இருக்க வேண்டும்.

6

பெர்னார்ட் வில்லியம்ஸ் தார்மீக அதிர்ஷ்டம் பற்றி 1976இல் எழுதினார். தன் மேல் தப்பேயில்லாமல் ஒரு குழந்தையின்மேல் வண்டியை ஏற்றிவிட்ட லாரிக்காரன் அதில் வருகிறான். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் வருந்துவார்கள், ஆனால் அவன் வருத்தம் வேறு. அது செய்தவனின் வருத்தம். தப்பில்லை என்று நாம் அவனைத் தேற்றுவோம். உடனே தேறிவிட்டான் என்றால் அவனைப் பற்றி நமக்கே ஒரு சந்தேகம் வரும்.

என் நிலைமை அதற்குத் தலைகீழ். என் மேல் தப்பிருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. நான்கு பக்கத்தைப் படிக்காமல், அந்த வண்டி எவ்வளவு பெரியது என்று ஒரு வார்த்தை கேட்காமல், 'போடுங்க' என்றேன். கவுண்ட்டரில் ஐயாயிரம் ரூபாய்க் காசோலைக்கு இரண்டு தடவை பார்க்கிறவன் நான். பையன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்ததால் நான் செய்தது சரியாகிவிடுமா? விளைவு நல்லதாக இருந்ததால் செயலும் நல்லது என்றால், வழுக்கி விழாதவன் எல்லாம் பார்த்து நடந்தவன் என்று ஆகிவிடும்.

யோசித்துப் பார்த்ததில், பிறருக்காக இடும் கையெழுத்துக்கு இரண்டு அர்த்தங்கள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இவனுக்கு நான் பொறுப்பு என்பது ஒன்று. இவனுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பது மற்றது. மைனர் கணக்கில் அப்பா போடுவது முதல் வகை. வாடகைப் பண்ணையில் போடுவது இரண்டாவது வகை. ஆனால் முதல் வகையின் உருவத்தில் வருகிறது. போடுகிற அப்பா, பிள்ளைக்காகத் தான் எதையோ ஏற்றுக்கொள்வதாக நினைக்கிறார். உண்மையில் பிள்ளையிடமிருந்து எதையோ எடுத்துக் கொடுக்கிறார். நாளைக்கு அந்தப் பிள்ளை, 'என்னை ஏன் இதில் ஏற்றினீர்கள், ஏன் இந்த மேட்டைச் சரியாகப் போடவில்லை' என்று கேட்பதற்கு உள்ள உரிமையை. அந்த உரிமை கொடுப்பதற்கு அவருடையதே அல்ல. எந்த அப்பாவுக்கும், எத்தனை புள்ளி எழுத்தில் அச்சடித்தாலும்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. நாமும் பேச முடியாதவர்களுக்காக எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு கீழே கையெழுத்துப் போடுகிறோம். கூலிக்காரனுக்காக, குழந்தைக்காக, பைத்தியத்துக்காக. எழுதிய பிறகு அவர்களுக்கு நாம் பொறுப்பாகிறோமா, அல்லது படிப்பவனின் மனசாட்சிக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறோமா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தாக வேண்டும். பல கதைகள் இரண்டாவதைத்தான் செய்கின்றன. படித்துக் கண்ணீர் விட்டவன் இனி எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் அண்ணனுக்குப் போன் செய்து, அந்தப் படிவத்தின் நகல் இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். "ஒண்ணும் ஆகலியேடா, ஒரு வருஷம் ஆச்சு, இப்ப என்ன?" என்றார். வண்டியின் எடை, சி.சி., பையனின் எடை, இருக்கை, திருப்பம் எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பையனுக்கு இந்த வருஷம் இன்னும் பெரிய வண்டி வேண்டுமாம், அந்தப் பண்ணைக்கே மறுபடியும் போகலாம் என்று இருப்பதாகச் சொன்னார். "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

சென்ற தடவையும் இதைத்தான் கேட்டார். இந்தத் தடவை, பெரிய வண்டி வேண்டாம், பதினாறு வயது வரையில் வேண்டவே வேண்டாம் என்றேன். படிவத்தில் உரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகம் இருந்தால் எந்த விளையாட்டானாலும் அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள் என்றேன். பையன் அழுவானே என்றார். அழட்டும், நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்றேன்.

போனைப் பையனிடமே கொடுத்தார். அவன் ஏன் என்று கேட்டான். அரை மணி பேசினேன். அவனுக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை.